நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவில் ஒரு மடிப்பு

அந்தக் குடியிருப்பில் ஆறு கட்டடங்கள். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆறு முறை கட்டியதால் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும். அதே சாம்பல் பூச்சு, அதே குறுகலான படிக்கட்டு, படிக்கட்டுக்கு அடியில் அதே புழுக்கமான மீட்டர் அறை. புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு முறையாவது அடுத்த கட்டடத்தில் ஏறி, யார் வீட்டுக் கதவிலோ தங்கள் சாவியைப் போட்டுத் திருகி, உள்ளேயிருந்து வரும் வசவை வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இருந்ததில்லை.

கரண்ட்காரர் மட்டும் தடுமாறியதே இல்லை. அவருக்கு அந்த ஆறு கட்டடங்களும் ஆறு பிள்ளைகள். எந்த வீட்டில் எந்த சுவிட்ச் தகராறு பண்ணும், எந்த மீட்டர் அறையில் கதவைக் காலால் உதைத்தால்தான் திறக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஐம்பதைத் தாண்டிய ஆள். கொஞ்சம் தொப்பை, நிறைய மீசை, ஏணியைக் கண்டால் முனகும் முழங்கால்கள். அந்த முழங்கால்களை முன்னிட்டு, மேலே ஏறும் வேலையெல்லாம் மச்சினன் தலையில் விழுந்தது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன். பேச ஆரம்பித்தால் எங்கே தொடங்கினான் என்பது அவனுக்கே மறந்துபோகும். பாதி வாக்கியத்தில் வேறொரு கதைக்குத் தாவுவான், அதிலிருந்து இன்னொன்றுக்கு. அதனால் மாமா அவனுக்கு வைத்த பேர் ‘லூஸ் கனெக்‌ஷன்’. குடியிருப்பு முழுக்க அந்தப் பேரே நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர்கள் போன் செய்து, “லூஸ் கனெக்‌ஷனை அனுப்புங்க” என்று கேட்பார்கள். பழுதைச் சொல்கிறார்களா ஆளைச் சொல்கிறார்களா என்று ஒரு விநாடி யோசிக்க வேண்டியிருக்கும்.

வேலையில் கரண்ட்காரருக்கு ஒரே ஒரு பிடிவாதம். கரண்ட்டை நிறுத்தும் மெயின் சுவிட்சை அவர்தான் இறக்குவார். வேறு எவனும் அதில் விரல் வைக்கக் கூடாது. இறக்கியதோடு விடமாட்டார், அந்த லைனின் பீங்கான் ஃபியூஸையும் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வேறு யாராவது வந்து தெரியாமல் மெயினை ஏற்றிவிட்டாலும் மேலே நிற்பவனுக்கு ஒன்றும் ஆகாது அல்லவா? பிறகு டெஸ்டரை வைத்து, அதன் விளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொள்வார். அதற்கப்புறம்தான் படிக்கட்டில் நின்று மேலே குரல் கொடுப்பார்.

“ஆஃப்! கைய வை!”

மச்சினனும் மறுபேச்சில்லாமல் கை வைப்பான். வளவளவென்று பேசுகிறவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேள்வி கேட்டதில்லை. மாமா ஆஃப் என்றால் ஆஃப்.

இப்படி இருந்த மனிதருக்குத்தான் அந்த மழைக்காலத்தில் கேடு வந்தது.

மோட்டார் அறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஆறு கட்டடத்துக்கும் குடிநீர் ஏறவில்லை. குடியிருப்பின் செயலாளர் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் கரண்ட்காரர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி மூடியில் கை வைத்ததுதான் தெரியும். கை ஒட்டிக்கொண்டது. சத்தமே இல்லை. முகம் மட்டும் யாரோ உள்ளேயிருந்து இழுப்பதைப் போலக் கோணியது. மச்சினன் காய்ந்த மர ஸ்டூலைத் தூக்கி அந்தக் கையின்மேல் ஓங்கி அடித்தான். மாமா சுவரில் மோதி விழுந்தார். மூச்சு இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை மச்சினன் அவர் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். அந்த நேரம் முழுக்க அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று செயலாளர் பிறகு எல்லோரிடமும் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிழைத்துக்கொண்டார். மறுபிறவி என்றார்கள். மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“என் வாழ்க்கையத் திருப்பிக் குடுத்தடா நீ.”

“விடுக்கா. அந்த ஸ்டூலு போச்சு, அதுக்கு யாரு காசு தருவா? ஆமா, அந்த டீக்கடைக்காரன் இல்ல, அவன் அன்னைக்கு என்ன சொன்னான் தெரியுமா…” என்று அவன் வழக்கம்போல எங்கோ தாவினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

வீடு திரும்பியவருக்கு உள்ளங்கையில் ஒரு தழும்பைத் தவிர வெளியில் தெரிய ஒன்றும் இல்லை. பேச்சு தெளிவு. நடை தெளிவு. மகளின் கல்யாணத்தில் எந்தச் சம்பந்தி எந்தக் காரணத்துக்கு முறுக்கிக்கொண்டு நின்றார் என்பதுவரை நினைவிருந்தது. கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விசித்திரம் அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் தலைகாட்டியது. மறதி என்று சொல்ல முடியாது. மறதி இருந்தால் மனைவி உடனே கண்டுபிடித்திருப்பாள். இது வேறு மாதிரி. காலையில் போட வேண்டிய மாத்திரையை எடுத்து நீட்டினால், “இப்பதானே போட்டேன். நீதானே தண்ணி குடுத்த, டம்ளர் விளிம்புல சோப்பு வாசனை அடிச்சுதுன்னு சொன்னேனே” என்பார். சொன்னது உண்மை. ஆனால் அது முந்தாநாள். சாவி ஆணியில் இருக்கிறது என்று சத்தியம் பண்ணுவார். ஆணியில் இருந்தது போன வாரம். இரண்டாம் கட்டடத்து டீச்சர் வீட்டு மின்விசிறியைச் சரி பண்ணியாயிற்று என்று அடித்துச் சொல்வார். சரி பண்ணியது ஐந்தாம் கட்டடத்தில் ஒரு வக்கீல் வீட்டில். இரண்டு வீட்டிலும் ஒரே கூடம், ஒரே மூலை, ஒரே மின்விசிறி.

“ஏன் சார், என் வீட்டு ஃபேனைக் கனவுல வந்து ரிப்பேர் பண்ணீங்களா?” என்று டீச்சர் படிக்கட்டில் வைத்துக் கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கரண்ட்காரருக்கு முகம் சிவந்துபோயிற்று. ஏணி போட்டது, இறக்கையில் ஒட்டடை இருந்தது, எல்லாம் கண்முன்னே நிற்கிறதே! இந்த அம்மாதான் பொய் சொல்கிறாள் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினார்.

“வயசாகுதுல்ல” என்றாள் அவள்.

“வயசானா மறக்கும்டி. எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே!”

அதுதான் அவருடைய கஷ்டம். அதை அவருக்கே அப்போது யாரும் புரியவைக்கவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது.

மூன்றாம் கட்டடத்தில் இரண்டாவது மாடி வராந்தாவில் விளக்குகள் எரியவில்லை. மச்சினன் ஏணிமேல் ஏறி, வயர்கள் கூடும் ஜங்ஷன் பெட்டியைத் திறந்தான். மாமா கீழே மீட்டர் அறைக்குப் போனார், வந்தார்.

“என்ன மாமா, ஆஃப் பண்ணியாச்சா?”

“ஆஃப்!”

மச்சினன் பையில் கையை விட்டுத் துழாவினான். “இருங்க, எதுக்கும் டெஸ்டர் வெச்சு…”

“அதெல்லாம் நான் பார்த்துட்டேன்டா. ஃபியூஸும் என் பையிலதான் இருக்கு. இந்தா பாரு” என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். பை கனமாகத்தான் இருந்தது. “நீ உன் கதையெல்லாம் விட்டுட்டுக் கைய வை.”

வைத்தான்.

ஏணியோடு சரிந்து விழுந்த சத்தத்தில் மூன்று மாடிக் கதவுகளும் திறந்தன.

நல்லவேளை, பிடித்துக்கொள்ளவில்லை, தூக்கி எறிந்துவிட்டது. வலது கை விரல்கள் கருகின. விலா எலும்பில் விரிசல். உயிர் இருந்தது. ஓடிவந்தவர்கள் மீட்டர் அறையைப் பார்த்தார்கள். மெயின் ஏற்றியபடியே இருந்தது. ஃபியூஸ் அதன் இடத்திலேயே இருந்தது. கரண்ட்காரரின் பையிலிருந்த ஃபியூஸ் பக்கத்துக் கட்டடத்துடையது. சற்று முன் அங்கே ஒரு வேலைக்காகப் பிடுங்கியவர், திருப்பி வைக்காமலே வந்திருக்கிறார். கரண்ட் இல்லாத அந்தக் கட்டடத்து ஆட்கள் அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மனைவி வந்து சேர்ந்தபோது அவர் சுவரோரம் குந்தியிருந்தார். அவள் எதையும் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

“நான் ஆஃப் பண்ணேன்.”

“என் தம்பி எப்படி இருக்கான்?”

“இந்தக் கையாலதான் இறக்கினேன். லீவர் கொஞ்சம் இறுக்கமா இருந்துது, ரெண்டு கையும் போட்டு இழுத்தேன். டெஸ்டர் வெச்சேன், எரியல. எல்லாம் கண்ணு முன்னால நிக்குது.”

“மெயின் ஏத்தியிருந்ததை எல்லாரும் பார்த்திருக்காங்க.”

“அதான் எனக்கும் புரியல. ஆனா நான் ஆஃப் பண்ணேன்.”

அவள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த மனிதரிடம் எத்தனையோ குறை கண்டிருக்கிறாள். குறட்டை, கோபம், மகளுக்கு மட்டும் தனிச் சலுகை. பொய்யை மட்டும் கண்டதில்லை.

“இந்தாங்க, தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் என் கூடப் பொறந்தவன், அவன் சார்பா நானே உங்களை மன்னிச்சுடறேன். உங்க நெஞ்சை அமுக்கி அமுக்கி உங்களை எழுப்பினவன் அவன். அவன் விஷயத்துலயா பொய் சொல்றீங்க? அதை மட்டும் என்னால தாங்க முடியாதுங்க.”

அவர் வாயைத் திறந்தார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தார். சொல்லிவிட்டால் இந்தப் பெண்ணின் அழுகை நிற்கும். ஆனால் கண்ணை மூடினால் லீவர் இறங்குகிறது. கண்ணைத் திறந்தாலும் இறங்குகிறது. நடந்ததாக மனம் காட்டுவதை நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

“நான் ஆஃப் பண்ணேன்” என்றார்.  அவள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வார்டுக்குள் போனாள்.

உள்ளே கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான் மச்சினன்.

“மாமா எங்கக்கா?”

“வெளியில உக்காந்து பொய் சொல்லிக்கிட்டிருக்காரு.”

“சேச்சே. மாமாவாவது, பொய்யாவது? அதுக்கெல்லாம் மூளை வேணும்க்கா” என்றவன் சிரிக்கப்போய், விலா எலும்பு குத்தி முகம் சுளித்தான். வலி அடங்கியதும், “அவருக்கு உள்ள என்னமோ ஆயிருக்கு. அந்த மோட்டார் ரூமுக்கு அப்புறம் அவரு பழைய ஆளு இல்ல. உனக்குத் தெரியல?” என்றான்.

அவளுக்கு மாத்திரையும் சாவியும் டீச்சர் வீட்டு மின்விசிறியும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அன்று மாலையே வார்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூளைச் சிகிச்சை டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேன் எடுத்தார்கள்.

மூளை டாக்டர் ஒரு பெண்மணி. நரைத்த தலை, உரத்த குரல். ஸ்கேனைப் பார்த்த பிறகு கரண்ட்காரரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து வரிசையாகப் படங்கள் காட்டினார். குடை, கெண்டி, நாற்காலி, செருப்பு, பூட்டு. கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி படங்கள்.

“இப்ப காட்டறதுல சிலது அதே படம். சிலது அது மாதிரி இருக்கிற வேற படம். சிலது புதுசு. எதுன்னு சொல்லணும், சரியா?”

குடை வந்தது. “அதே குடை” என்றார் கரண்ட்காரர்.

பூட்டு. “அதே பூட்டு.”

பேனா வந்தபோது, “இது புதுசு, முன்னாடி காட்டல” என்று சரியாகச் சொன்னார். நாற்காலி, கெண்டி, செருப்பு என்று வந்தபோது, “அதே, அதே, அதேதான்” என்றார். ஒரு தயக்கம் இல்லை. பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல உற்சாகமாகவே சொன்னார்.

பின்னால் விசும்பல் கேட்டுத் திரும்பினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சு? ஃபெயிலா?”

“முதல்ல காட்டின குடைக்குப் பிடி நேரா இருந்துச்சுங்க” என்றாள். “இதுல வளைஞ்சிருக்கு. கெண்டிக்கு மூக்கு வேற பக்கம். உங்களுக்கு… உங்களுக்கு நெஜமாவே அதேதான்னு தெரியுதா?”

“அதேதானே?”

அவர் கேட்ட விதத்தில் ஒரு துளிக் கள்ளம் இல்லை. அவள் வந்து, டாக்டர் இருப்பதையும் பாராமல், அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “பொய் சொல்றீங்கன்னு சொல்லிட்டேனே, பாவி” என்று தன்னையே வைதுகொண்டு அழுதாள்.

டாக்டர் அவர்கள் தேறும்வரை பொறுத்திருந்துவிட்டு, திரையில் ஸ்கேனைக் காட்டினார்.

“காதுக்கு உள்பக்கமா, ரெண்டு பக்கமும், சுருண்டுகிட்டு ஒண்ணு இருக்கு பாருங்க. கடல்குதிரை மாதிரி. ஹிப்போகாம்பஸ்னு பேரு. இன்னைக்கு நடக்கிறது ஞாபகமா மாறுறது இங்கதான். இதோட வளைவுக்குள்ள மெல்லிசா ஒரு மடிப்பு செருகின மாதிரி இருக்கும். பல் வரிசை மாதிரி மேடும் பள்ளமுமா இருக்கிறதால அதைப் பல்வரிசை மடிப்புன்னு வெச்சுக்குங்க. அன்னைக்கு மூச்சு நின்னப்ப உங்களுக்கு அடி விழுந்தது அந்த மடிப்புல. ரெண்டு பக்கமும்.”

“இத்தனூண்டு இடமா?”

“இத்தனூண்டுதான். ஆனா அதுக்குள்ள குட்டிக் குட்டிச் செல்லுங்க கோடிக்கு மேல நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு. எல்லாம் சோம்பேறிங்க. மூளையோட மேல்பக்கத்துலேருந்து ஒரு சேதி வந்தா, எல்லாம் எந்திரிக்காது. ஒரு சின்னக் கூட்டம் மட்டும் முழிக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு சேதி வந்தா, வேற ஒரு சின்னக் கூட்டம் முழிக்கும். அதனாலதான் நேத்து மெயினை இறக்கினதும் இன்னைக்கு இறக்கினதும் நமக்குத் தனித்தனியா நிக்குது.”

கரண்ட்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். வியாதி என்றதும் சுருங்கிப்போயிருந்தவருக்கு, வயரிங் என்றதும் உயிர் வந்துவிட்டது.

“அப்படின்னா வீட்டுக்கு வீடு தனி லைன் இழுத்து விடற எடம்னு சொல்லுங்க.”

“அதேதான்!”

“எனக்கு லைனெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஒரு வீட்டு சுவிட்சைப் போட்டா இன்னொரு வீட்டு லைட்டு எரியுது.”

டாக்டர் சிரித்தார். “நான் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்குடுக்கப் படற பாடு இருக்கே! இன்னொண்ணும் கேளுங்க. அந்த மடிப்புலேருந்து சேதி அடுத்த இடத்துக்குப் போகுது. அது பாதியைப் பார்த்தா மீதியை நிரப்பற இடம். பாட்டுல முதல் வரி கேட்டா முழுப் பாட்டும் வருதில்ல, அதுதான். உங்களுக்கு அது நல்லாவே வேலை செய்யுது. பிரிச்சுக் குடுக்கிற ஆள் படுத்துட்டதால, நிரப்புற ஆள் இஷ்டத்துக்கு நிரப்பறான். மீட்டர் அறையைப் பார்த்ததும் மெயினை இறக்கின காட்சி முழுசா வந்து நிக்கும். லீவர் இறுக்கம், டெஸ்டர், எல்லாம். அது என்னைக்கோ நடந்ததுன்னு சொல்ல உள்ள ஆள் இல்ல.”

“சரியாகுமா டாக்டர்?” என்றாள் மனைவி.

“அந்த மடிப்புல பெரியவங்களுக்கும் புதுச் செல் முளைக்கும்னு ஒரு கட்சி, முளைக்காதுன்னு ஒரு கட்சி. இன்னும் சண்டை தீரல. நான் வாக்குக் குடுக்க மாட்டேன்மா. இப்படியே இருக்கும்னு வெச்சுக்கிட்டு வாழப் பழகறது நல்லது.”

கரண்ட்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் கை வேலை?”

“அது வேற இடம். அதுக்கு ஒண்ணும் ஆகல. பழைய ஞாபகத்துக்கும் ஒண்ணும் ஆகல.”

பொய்யர் என்ற பழி அன்றோடு நீங்கியது. வேலையும் அன்றோடு நின்றது. செயலாளர் வீடு தேடி வந்து, “நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. ஆறு கட்டடத்து உயிர் இருக்கே, நானும் பதில் சொல்லணும்ல?” என்று பார்த்துப் பார்த்துப் பேசிவிட்டு, வேறு ஆள் தேடுவதையும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சு. அதனாலேயே கரண்ட்காரருக்குக் கோபப்படக்கூட வழியில்லை.

வீட்டில் உட்கார்ந்தார். மிக்ஸியைக் கழற்றி மாட்டினார். மறுநாளும் அதையே கழற்றினார். ஜன்னல் வழியே யாராவது டூல்ஸ் பையோடு போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி அவருக்குத் தெரியாமல் தம்பியிடம் வாக்கு வாங்கிவிட்டாள். மாமா இனி கூப்பிட்டாலும் அவன் அவரோடு வேலைக்குப் போகக் கூடாது. அவளுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி.

விரல் ஆறியதும் ஒரு பிற்பகல் மச்சினன் வந்தான். புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்த விரல்களைக் காட்டி, “மோதிரம் போட்டா எடுப்பா இருக்கும்ல மாமா? பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா அக்கினி சாட்சியா ஏற்கெனவே ஆயிடுச்சுன்னு சொல்லலாம்” என்றான். கரண்ட்காரர் அந்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். விடவில்லை. 

“நான்தான்டா பண்ணேன்.”

“நீங்க எங்க பண்ணீங்க? அந்த மடிப்பு பண்ணுச்சு.”

“மாப்ளே, நான் யோசிச்சுப் பார்த்துட்டேன்.” அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார், மனைவிக்கும் கேட்கட்டும் என்று. “மேல நிக்கிறவன் கண்ணால பார்த்துக் கையால செய்யறான். எனக்குக் கண்ணும் கையும் சரியாத்தான் இருக்கு. கீழ நிக்கிறவன்தான் ஆஃப் பண்ணோமா இல்லையான்னு ஞாபகத்துல இருந்து சொல்றான். அதுதான் என்கிட்ட இல்ல. அப்ப நான் மேல ஏறணும். நீ கீழ நிக்கணும்.”

கரண்டியோடு வந்து நின்றாள் மனைவி. “என்ன பேசறீங்க?”

“உன் தம்பி என் வார்த்தையை நம்பி இனிமே எதுலயும் கை வைக்க வேணாம். நான் அவன் வார்த்தையை நம்பிக் கை வைக்கிறேன்.”

“இவன் வார்த்தையையா? டீ வாங்கிட்டு வாடான்னா ஊர் சுத்திட்டு வர்றவன் இவன்! பேசிக்கிட்டே மெயினை ஏத்திட்டான்னா? நேத்து தம்பிக்காக அழுதேன், நாளைக்குப் புருஷனுக்காக அழணுமா? ரெண்டு கண்ணுல எந்தக் கண்ணைக் குத்திக்கிறேன்னு என்னையே கேக்கறீங்களா?”

 மெயினை இன்னொருவன் கையில் கொடுப்பது அவருக்கும் லேசான காரியமா? இத்தனை காலமாக எவனையும் தொடவிடாத மெயின். அதை வைத்துத்தான் அவர் ஒரு ஆள். மேலே இருப்பவனின் உயிரைத் தன் வாய்வார்த்தையில் வைத்திருக்கும் ஆள்.

“அவன் என் நெஞ்சை அமுக்கினப்ப யாருகிட்டயாவது பேசிக்கிட்டா இருந்தான்?” என்றார் கடைசியில்.

அவள் கரண்டியை மேசைமேல் வைத்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன், வாழ்க்கையில் அபூர்வமாக, ஒன்றும் பேசாமல் தலை குனிந்து நின்றான்.

செயலாளரைச் சம்மதிக்க வைக்கச் சில நாள் பிடித்தது. அவர் டாக்டரிடமே போனில் பேசிப் பார்த்தார். கடைசியில், “ஒரு வேலை பார்ப்போம், நானும் பக்கத்துல நிப்பேன்” என்று இறங்கி வந்தார்.

முதல் வேலை ஆறாம் கட்டடத்தில், முதல் மாடி வராந்தாவில். கீழே மீட்டர் அறையில் மச்சினன் நின்றான். கரண்ட்காரர் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினார். முழங்கால்கள் இரண்டும் மாறி மாறி அவரைத் திட்டின. ஜங்ஷன் பெட்டியைத் திறந்தார். தீய்ந்த வயரின் வாசனை வந்தது. எந்த இணைப்பு போயிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விரல்கள் தாமாகவே அதை நோக்கிப் போயின.

லைன் ஆஃப். அதில் சந்தேகமே இல்லை. சற்று முன் மீட்டர் அறையில் லீவரை இறக்கியாயிற்று. அந்த ‘டக்’ சத்தம் காதில் இருக்கிறது. டெஸ்டர் வைத்ததும் தெரிகிறது, எரியவில்லை. எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. விரல் நுனிக்கும் வயருக்கும் நடுவில் ஒரு அரிசி இடைவெளிதான்.

நிறுத்தினார்.  உலகத்தில் எவன் சொன்னாலும் நம்பலாம், இந்த மண்டை சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. பளிச்சென்று சொல்கிறதே, அதற்காகவே நம்பக் கூடாது. கையை இழுத்துத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டார்.

“மாப்ளே!” குரல் கிரீச்சிட்டது. “ஆஃபா?”

கீழேயிருந்து வந்த குரலில் கதையும் இல்லை, கிண்டலும் இல்லை.

“இன்னும் இல்ல மாமா. லைன் உயிரோட இருக்கு. கைய எடுங்க.”

ஏணியின் கீழ் நின்ற செயலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கரண்ட்காரர் கண்களை மூடினார். மூடிய கண்களுக்குள் லீவர் இன்னும் இறங்கியபடியேதான் இருந்தது. அது இறங்கட்டும். இனி ஆயுள் முழுக்க அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அவர் அதைக் கேட்டு நடக்க வேண்டியதில்லை.

“எடுத்துட்டேன்” என்றார்.

கீழே லீவர் ‘டக்’கென்று இறங்கும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் இல்லை. அவன் அங்கிருந்து அசையவில்லை.

“இப்ப ஆஃப். நான் போர்டு பக்கத்துலேயே நிக்கிறேன் மாமா. நீங்க இறங்கற வரைக்கும் இங்கேருந்து நகர மாட்டேன்.”

அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் வயரைத் தொட்டார்.

வெறும் செம்பு. குளிர்ந்திருந்தது.

தீய்ந்த முனையை நறுக்கி, தோலை உரித்து, இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினார். கை எதையும் மறந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசைக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக் கையை எடுக்க மனம் வரவில்லை, வேலை பாதியில் இருந்தது.